பத்துக்கு ஏழு

வாங்கக்கா, உள்ளே வாங்க. குடையை அந்த வாளியில் வைங்க. அந்த நாற்காலியில் உட்காராதீங்க, ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க.

வாடகைக்கு வீடு பார்க்க வந்தீங்க, சரி. தண்ணி எப்படி வருதுன்னு கேட்டீங்க, அதுவும் சரி. அப்புறம் மாடியில் யாரு, தனியாவா இருக்காரு, கூட்டாளிங்க வந்து போவாங்களா, எந்நேரத்துக்கு வீடு திரும்புவாருன்னு வரிசையாக் கேட்டீங்க பாருங்க, அங்கேதான் மாட்டிக்கிட்டீங்க. வீடு பார்க்க வந்தவங்க மோட்டார் எந்நேரத்துக்குப் போடுவீங்கன்னு கேப்பாங்க. மாடி வீட்டுப் பையன் எந்நேரத்துக்கு வருவான்னா கேப்பாங்க? நீங்க பண்ருட்டிப் பக்கம்தானே? பையில் முந்திரி வறுத்த வாசனை வருது. பொண்ணுக்கு நீங்க யாரு, அத்தையா, பெரியம்மாவா?

அத்தையா! அதானே. அத்தைங்கதான் இப்படிக் கொட்டுற மழையில் குடை பிடிச்சுக்கிட்டு வந்து விசாரிப்பாங்க. பெரியம்மாங்க போன்லயே முடிச்சுக்குவாங்க.

வெட்கப்படாதீங்கக்கா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பரிதி வீட்டில் இல்லை. முழுப் பேரு இளம்பரிதி, நாங்க பரிதின்னுதான் கூப்பிடுவோம். இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, அவனும் என் வீட்டுக்காரரும் மீன் வாங்கப் போயிருக்காங்க. என் பொண்ணு தர்ஷிகாவும் அவன் தோளில் ஏறிக்கிட்டுப் போயிருக்கா. அவளுக்கு நடக்கவே தெரியாதுன்னு இந்தத் தெருவில் நினைச்சுக்கிட்டிருக்காங்க, அவன் அப்படித் தூக்கிக்கிட்டே திரியறான். அவங்க வர்றதுக்குள்ளே கேக்கறதைக் கேட்டுடுங்க.

என்ன? பையன் குடிப்பானா?

இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். அவங்க அப்பா விஷயம் உங்க காதுக்கு வந்திருக்கும். அப்பன் அப்படி, பிள்ளை எப்படியோன்னு உங்க அண்ணனுக்குத் தூக்கம் வராம உங்களை அனுப்பியிருக்காரு. நியாயம்தான். ஒத்தைப் பொண்ணைக் குடுக்கறவங்க கேக்கத்தானே வேணும்.

நான் பொய் சொல்லமாட்டேன்கா. பரிதிக்கு நல்ல இடம் அமையணும்னு எனக்கு ஆசை இருக்கு. மாடியில் ஒரு பொம்பளைப் பிள்ளை வந்தா எனக்கும் பேச்சுத் துணையா இருக்கும். அதுக்காக உங்களை ஏமாத்த மாட்டேன். ஏன்னா என்னை அப்படித்தான் ஏமாத்திக் கட்டிக் குடுத்தாங்க.

எனக்குத் திருக்கோவிலூர்கிட்ட ஒரு கிராமம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ, என் தாய்மாமன் இதே தெருவுக்குத்தான் வந்து விசாரிச்சாரு. இஸ்திரி போடறவர்கிட்ட கேட்டிருக்காரு, மருந்துக் கடையில் கேட்டிருக்காரு. "தணிகைவேலா? தங்கமான பையனாச்சே! சோடா கூடக் குடிக்கமாட்டானே!"ன்னு ஒரே குரலில் சொல்லியிருக்காங்க. மாமா ஊருக்கு வந்து அதை ஒரு சர்ட்டிபிகேட் மாதிரி எல்லாருக்கும் சொன்னாரு. சோடா கூடக் குடிக்காத மாப்பிள்ளைன்னு எங்க தெருவில் எனக்கு ஒரே பெருமை.

என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜு எப்பவும் ரெண்டு மூணு இந்தக் கூடத்தில் நிக்கும். கல்யாணமாகி வந்த புதுசில் அந்த மூலையில் ஒரு பச்சை ஃப்ரிட்ஜு நின்னுச்சு. "அதைத் தொறக்காதே செவ்வந்தி, உள்ளே கேஸ் லீக்கு, கண்ணு எரியும்"னாரு. நானும் தொறக்கலை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிச்சவதான், கேஸ்னா பயம். ஆனா ஒருநாள் கூட்டும்போது அதுமேல கை ஊனினேன் பாருங்க, ஜில்லுன்னு இருக்கு! ரிப்பேரான ஃப்ரிட்ஜுக்கு எங்கேயிருந்துக்கா குளிர் வருது? தொறந்தேன். பீர் பாட்டிலுங்க வரிசையா, பிரேயருக்கு நிக்கற பிள்ளைங்க மாதிரி நிக்குது.

அழுவேன்னு பார்த்தாரு. ஊருக்குக் கிளம்புவேன்னு பார்த்தாரு. நான் எதுக்குக் கிளம்பணும்? நல்ல மனுஷன், வேலைக்காரர், என்மேல உசிரு. ஒளிச்சதுதான் எனக்குக் கோபம். நான் ஒரே வார்த்தை சொன்னேன். "இனிமே ஒளிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு பாட்டில், ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பாட்டோட. நானே மீன் வறுத்துத் தர்றேன். ஆனா வாங்கினதையே வாங்கக் கூடாது, ஒவ்வொரு வாரமும் வேற வேற. குடிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும். பத்துக்கு இவ்வளவுன்னு மார்க்கு போடணும். ஏன் அந்த மார்க்குன்னு காரணமும் சொல்லணும்."

"இன்னாம்மே இது, பரிட்சையா?"ன்னாரு.

பரிட்சைதான். மார்க்கு போடணும்னா நிதானமாக் குடிக்கணும்ல? நிதானமாக் குடிச்சா கொஞ்சமாத்தான் குடிப்பாங்க. என் கணக்கு அதுதான். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கமலவேணி டீச்சர் இப்படித்தான் பேச்சுப் போட்டிக்கு எங்களையே மார்க்கு போடச் சொல்வாங்க. காரணம் சொல்லாத மார்க்கு செல்லாதுன்னுடுவாங்க. நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன்.

நம்ம புதுச்சேரியில் வகைக்குப் பஞ்சமா? கடைக்குள்ளே போனா ஜவுளிக் கடையில் பட்டுப் புடவை அடுக்கின மாதிரி அடுக்கி வெச்சிருக்கான். இல்லை, நான் உள்ளே போனதில்லை. வாசலில் வண்டியில் உட்கார்ந்துக்கிட்டு இது வேணாம், அந்த நீல லேபிளை எடுங்கன்னு கை காட்டுவேன், அவ்வளவுதான்.

பரிதி எப்படி இதில் வந்தான்னு கேக்கறீங்களா? மூணு பேரு இருந்தாத்தான் மார்க்கு சரியா வரும். ரெண்டு பேருன்னா சண்டைதான் வரும்.

மூணாவது ஆளு நான்தான்கா. முதல்லயே சொல்லிடறேன், நான் குடிக்கமாட்டேன். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. குழம்புக்கு உப்பு பார்க்கற மாதிரி நாக்கில் வெச்சுப் பார்ப்பேன், மார்க்கு போடறதுக்கு. ஒரு டம்ளர். சின்ன டம்ளர்தான். சரி, அவங்களுக்கு ஊத்தற அதே டம்ளர்தான், ஆனா நான் நுரையோட ஊத்திக்குவேன்.

சுவத்தில் மாட்டியிருக்கு பாருங்க, அது பழைய மூணு அடுக்கு இட்லித் தட்டு. பாட்டில் மூடியெல்லாம் அதில் குழி குழியாக் கிடக்குதே, அதுதான் எங்க ரிசல்ட்டு. மேல் தட்டில் இருக்கறது மறுபடி வாங்கலாம். நடுத் தட்டு, யாராவது ஓசியில் குடுத்தா வேண்டாம்னு சொல்லக் கூடாது. கீழ்த் தட்டு, எதிரி வீட்டு விருந்துக்கு வாங்கிக்கிட்டுப் போகலாம்.

அந்தக் கோதுமை பீர் ஒண்ணு இருக்கு, அப்பப்பா! கமலா ஆரஞ்சுத் தோலை லேசா வாட்டித் தண்ணியில் போட்ட மாதிரி ஒரு வாசனை. ஒன்பது போட்டேன். நெத்திலி வறுவலுக்கு அதை விட்டா வேறெதுவும் சரிப்படாது. ஸ்ட்ராங்குன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, சீயக்காய் ஊறவெச்ச தண்ணி. மூணு. அதிலும் ஒரு மார்க்கு பாட்டிலுக்குத்தான், எண்ணெய் ஊத்தி வைக்க நல்லாருக்கு. இன்னொண்ணு தேன் கலந்ததுன்னு போட்டிருந்துச்சு. தேனைப் பக்கத்து ரூமில் வெச்சிருப்பாங்க போல. நாலு.

என் வீட்டுக்காரர் இப்போ என்னமோ சலிச்சுக்கறாரு. போன வாரம், "செவ்வந்தி, இந்த ஞாயித்துக்கிழமை வேணாமே, வயிறு ஒரு மாதிரியா இருக்கு, மோர் சோறு போதும்"னாரு. எனக்குக் கோபம் வந்துடுச்சு. "அதெப்படி? புதன்கிழமையே எதை வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு, மீனுக்கு மசாலா அரைச்சாச்சு, உங்க வயித்துக்காக நிறுத்துவாங்களா?"ன்னேன். ஆம்பளைங்க எதையும் ஒழுங்காச் செய்யமாட்டாங்கக்கா. நாமதான் பிடிச்சு நடத்தணும்.

உங்க கேள்விக்கு வர்றேன். பரிதி.

முதல் ஞாயித்துக்கிழமை அவனைக் கூப்பிட்டு டம்ளரை நீட்டினப்போ, "எனக்கு வேண்டாம்ணே"ன்னான். என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப் போச்சு. "அண்ணன் ஊத்திக் குடுத்தா வேணாம்பியாடா?"ன்னாரு. அவ்வளவுதான், வாங்கிக்கிட்டான். அதுக்கு முந்தி அவனுக்கு டெங்கு வந்து மாடியில் தனியாக் கிடந்தான். என் வீட்டுக்காரர்தான் முதுகில் தூக்கிக்கிட்டு அந்த ஒடுக்கமான படியில் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே இருந்தாரு. அதிலேர்ந்து அண்ணன்னா அவனுக்கு மறுபேச்சு கிடையாது. அண்ணன் மனசு கோணக் கூடாதுன்னா எதையும் செய்வான்.

அதனால குடிப்பானான்னு கேட்டா, குடிப்பான்கா. நான் மறைக்கமாட்டேன். ஞாயித்துக்கிழமை தவறாம ஒரு டம்ளர். ஆனா குடிகாரன் இல்லை. அப்பன் மாதிரி இல்லை. அவங்க அப்பா பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடப்பாராம். இவன் பள்ளிக்கூடத்துப் பையோட போய்த் தோளில் சாய்ச்சுக் கூட்டிக்கிட்டு வருவானாம். எங்ககிட்ட ஒரே ஒரு தடவை சொன்னான். "அந்த வாடை வந்தாலே எனக்குச் சோறு இறங்காது அண்ணி"ன்னான். அப்படிச் சொன்னவன் இப்போ டம்ளரைக் காலி பண்ணி வெச்சுட்டு மார்க்கு போடறான் பாருங்க. பழக்கம்தானே எல்லாம்.

ஒரே ஒரு குறை சொல்லணும்னா, அவனுக்கு நாக்கு கிடையாது. நிஜமாச் சொல்றேன். ருசியே தெரியாது. எதைக் குடுத்தாலும் ஏழு. கோதுமை பீருக்கும் ஏழு, சீயக்காய்த் தண்ணிக்கும் ஏழு. கறுப்பு பீர் ஒண்ணு வாங்கினோம். வாயில் வெச்சா காப்பிப் பொடியைத் தீய விட்ட மாதிரி இருந்துச்சு. என் வீட்டுக்காரர் செல்போன் வீடியோவெல்லாம் பார்த்துட்டு, "முன்னாடி ஒரு இனிப்பு, பின்னாடி ஒரு கசப்பு, நுரை நிக்குது பாரு"ன்னு அளந்துக்கிட்டிருந்தாரு. நான் ஆறு போட்டேன். பரிதி?

"ஏழு அண்ணி."

"காரணம்?"

"நல்லா... கறுப்பா இருக்கு அண்ணி."

இதெல்லாம் ஒரு காரணமா? கமலவேணி டீச்சர் இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பாங்க.

இவன் நாக்கு எந்த லட்சணம்னு ஒருதரம் சோதிச்சே பார்த்துட்டேன். அன்னைக்குத் தர்ஷிகாவுக்கு உடம்புச் சூடு, பார்லி போட்டுத் தண்ணி காய்ச்சியிருந்தேன். அதை வடிகட்டி, ஆறவெச்சு, அவன் டம்ளரில் ஊத்திக் குடுத்தேன். என் வீட்டுக்காரருக்கே தெரியாது. வழக்கம் போல எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போனான், காலி டம்ளரோட வந்தான். "எப்படிடா?"ன்னேன். "ஏழு அண்ணி. ஜில்லுன்னு இருக்கு, நுரை நல்லாருக்கு"ங்கறான்! பார்லித் தண்ணியில் நுரை ஏதுக்கா? நான் சிரிச்ச சிரிப்பில் மீனைத் தீய விட்டுட்டேன். அன்னையிலேர்ந்து அவன் மார்க்கை நான் கணக்கில் சேக்கறதே இல்லை.

பின்பக்கம் எதுக்குப் போறான்னா, போன் பேச. அவங்க அம்மா ஞாயித்துக்கிழமை சரியா நாங்க டம்ளரில் ஊத்தற நேரம் பார்த்துக் கூப்பிடுவாங்க. உடனே டம்ளரோட எழுந்து, துணி துவைக்கற கல்லுகிட்ட போய் நின்னு பேசிக்கிட்டே குடிப்பான். பெரியவங்ககிட்ட பேசும்போது எங்க முன்னாடி குடிக்கக் கூடாதுன்னு ஒரு மரியாதை போல.

இதில் ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துது. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன். ஒருதரம் அவன் அப்படிப் பின்னாடி நின்னு "ஆங், சொல்லும்மா, சொல்லும்மா"ன்னு பேசிக்கிட்டிருக்கான், அவன் போன் இங்கே என் மிக்சிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்குது. அப்போ அவன் எதில் பேசினான்? இன்னொரு போன் வெச்சிருக்கானோ என்னவோ. அதையும் ஒருவார்த்தை விசாரிச்சுக்கங்க. கல்யாணத்துக்குப் பிறகு தெரிஞ்சா உங்க பொண்ணு என்னைத்தானே திட்டும்.

என்னக்கா, சிரிக்கறீங்க? புரை ஏறிடுச்சா? தண்ணி எடுத்துட்டு வரட்டுமா?

வேண்டாமா. சரி.

வேற என்ன சொல்லணும்? கண் ஆஸ்பத்திரியில் வேலை, கண்ணாடிக்கு அளவு பார்க்கறான். சம்பளத்தில் அம்மாவுக்கு அனுப்பிட்டு மீதியில் ஒழுங்கா இருக்கான். துணி அவனே துவைச்சுக்குவான். மழை நாளில் எங்க துணியையும் எடுத்து உள்ளே போடுவான். செடிக்குத் தண்ணி ஊத்துவான்.

செடின்னதும் ஞாபகம் வருது. நீங்க தோட்டம் துரவு பார்த்தவங்கதானே, இதைச் சொல்லுங்க. பின்பக்கம் துவைக்கற கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை வெச்சிருக்கேன். எலும்பும் தோலுமா இருந்த செடிதான்கா! இந்த ஒரு வருஷத்தில் என்னமா தளதளன்னு வந்திருக்கு தெரியுமா? தெருவே வந்து பறிச்சுக்கிட்டுப் போகுது. எங்க மாமியார் புளிச்ச மோர் ஊத்தச் சொன்னாங்க, நான்தான் மறந்து மறந்து போயிடுவேன். ஆனா மண்ணை மோந்து பார்த்தா புளிச்ச வாடை வருது. எப்படி வருதுன்னே தெரியலை.

அது கூடப் பரவாயில்லை. நத்தைங்கக்கா! எங்கேயிருந்துதான் வருமோ, தொட்டியைச் சுத்தி அப்பிக்கிட்டுக் கிடக்கும். தினமும் வந்தா மழைக் காலம்னு விட்டுடலாம். திங்கக்கிழமை காலையில் மட்டும் வருது! செவ்வாய், புதன் ஒண்ணையும் காணோம். மறுபடி திங்கக்கிழமை காலையில் கூட்டம் போட்டுடுது. உப்பு போட்டேன், முட்டை ஓடு போட்டேன், போகலை. யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு எங்க மாமியார் மிளகாய் சுத்திப் போட்டாங்க. பரிதிகிட்ட சொன்னேன். "நீதான் ஞாயித்துக்கிழமை அதுகிட்ட நிக்கறே, நத்தை எந்தப் பக்கமா வருதுன்னு பார்க்கமாட்டியா?"ன்னேன். திருதிருன்னு முழிக்கறான். "இனிமே வேற செடிகிட்ட நின்னு பேசறேன் அண்ணி"ங்கறான். நான் என்ன கேக்கறேன், அவன் என்ன சொல்றான் பாருங்க!

அக்கா, என்ன நீங்க கண்ணெல்லாம் தண்ணி வர்ற மாதிரி சிரிக்கறீங்க? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? எல்லாத்தையும் உடைச்சுச் சொல்லிட்டா யோசிப்பீங்க, எழுந்து போயிடுவீங்கன்னு நான் பயந்துக்கிட்டே சொன்னேன்.

போகலையா? அப்பாடா!

அப்போ ஒண்ணு செய்யறேன், இருங்க. நீங்களே பார்த்துடுங்க. எங்க வீட்டு ஞாயித்துக்கிழமைங்கறது குடி இல்லைன்னு உங்களுக்கே புரியும். இன்னைக்குப் புதுசா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கு, மாம்பழ வாசனைன்னு போட்டிருக்கான். அவங்க வர்றதுக்குள்ளே நான் தொறந்து... இல்லைக்கா, காலையிலேயே லேசாத் தொறந்து பார்த்துட்டேன், கெட்டுப் போயிருந்தா மாத்தணும்ல? இந்தாங்க. அரை டம்ளர்தான். வாயில் வெச்சுட்டு ஒரு மார்க்கு சொல்லுங்க, போதும். வேண்டாம்னு சொல்லாதீங்க, எனக்குக் கஷ்டமா இருக்கும்.

ம், அப்படி வாங்க வழிக்கு.

எங்கே எழுந்துட்டீங்க? செடியைப் பார்க்கணுமா? பாருங்களேன், இந்தக் கதவுதான். டம்ளரை இங்கே வெச்சுட்டுப் போங்க... சரி, எடுத்துக்கிட்டே போங்க, பேச்சுவாக்கில் குடிச்சாத்தான் ருசி தெரியும். தரை வழுக்கும், பார்த்து! நான் பருப்பை இறக்கி வெச்சுட்டு வர்றேன்.

வந்துட்டீங்களா? செடி எப்படி இருக்கு? நல்ல உரம் கிடைக்குதுங்கறீங்களா? நான் ஒண்ணுமே போடலையேக்கா!

அட, டம்ளர் காலி! முழுசாக் குடிச்சுட்டீங்களே! நான் பயந்தேன், ஒரு வாய் வெச்சுட்டுத் துப்பிடுவீங்கன்னு. பரவாயில்லையே! எவ்வளவு போடறீங்க?

ஏழா?

காரணம்?

"ஜில்லுன்னு இருக்கு." சரியாப் போச்சு போங்க. அவனே வந்து உங்க வாயில் உட்கார்ந்துக்கிட்ட மாதிரி இருக்கு. உங்க குடும்பத்துக்கும் நாக்கு கிடையாதா? மாம்பழம் தெரியலையா உங்களுக்கு? மூக்கைத் துளைக்குதே!

என்ன சொன்னீங்க? வெள்ளிக்கிழமை பொண்ணோட அப்பாவைக் கூட்டிக்கிட்டு வர்றீங்களா? நிஜமாவா? ஜாதகம் போதும், பையனைப் பத்தி இனிமே எங்கேயும் விசாரிக்க வேண்டாமா? பார்த்தீங்களா, பார்த்தீங்களா! இதுதான்கா உண்மையைச் சொல்றதில் இருக்கற மகிமை. அந்த இஸ்திரிக்காரர் மாதிரி சோடா கூடக் குடிக்கமாட்டான்னு நான் சொல்லியிருந்தா, நீங்க நம்பியிருப்பீங்களா?

வாசல் கேட் சத்தம் கேக்குது, வந்துட்டாங்க. நீங்க வீடு பார்க்க வந்தவங்கதான், ஞாபகம் வெச்சுக்கங்க. தர்ஷி, இறங்குடி அவன் கழுத்தை விட்டு! பரிதி, இங்கே வா. இந்த அக்கா வீடு பார்க்க வந்தாங்க. உனக்குத் துணையா ஒரு ஆளு கிடைச்சாச்சுடா. நம்ம மாம்பழ பீரைப் பின்பக்கம் எடுத்துக்கிட்டுப் போய், செடியைப் பார்த்துக்கிட்டே குடிச்சுட்டு வந்து, அச்சு அசலா உன்னை மாதிரியே ஏழு போட்டாங்க. காரணமும் நீ சொல்றதேதான்!

ஏன்டா உன் முகம் இப்படிச் செவக்குது? அக்கா, நீங்க ஏன் அவன் தலையைத் தடவறீங்க? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு எதுக்குச் சிரிக்கறீங்க? என்கிட்டயும் சொன்னா நானும் சிரிப்பேன்ல?

சொல்லமாட்டீங்க. சரி, எனக்கென்ன, நாக்கில்லாத ரெண்டு குடும்பமும் ஒண்ணா சேர்ந்துக்கங்க. வர்ற பொண்ணாவது கொஞ்சம் ருசி தெரிஞ்சவளா இருந்தா எனக்குத் துணையா இருக்கும். ஏங்க, அந்த மீனை அங்கே வைங்க. பாட்டிலை ஏன் அப்படித் தூக்கித் தூக்கிப் பார்க்கறீங்க? விருந்தாளிக்குக் குடுத்ததில் குறைஞ்சு போச்சு. மீதி இவ்வளவுதான் இருக்கு. உங்களுக்கு வயிறு சரியில்லை, அவனுக்கு நாக்கு சரியில்லை, அதனால இதை நானே பார்த்துக்கறேன்.

குடிக்கறதுக்கில்லைக்கா. மார்க்கு போடறதுக்கு.